நாற்பதைத் தாண்டும் உடம்போடு சமாதானம்: மலையகப் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

மாதவிடாய் இரண்டு மாதம் தள்ளிப்போகிறது, அல்லது இரண்டே வாரத்தில் திரும்ப வந்து நிற்கிறது. தீபாவளிக்குத் தைத்த ஜாக்கெட் பொங்கலுக்குக் கை ஏறவில்லை. வீட்டில் எல்லோரும் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் தை மாதக் குளிரில், உங்களுக்கு மட்டும் நடுராத்திரியில் கழுத்தெல்லாம் வியர்த்து ஊற்றுகிறது. இதெல்லாம் மாதவிடாய் நிற்கப்போகும் வயதின் மாற்றங்கள். இதில் ஒன்றாவது உங்களுக்குத் தொடங்கியிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்காக எழுதியது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். உடம்பைப் பழையபடி திருப்பிவிடப் போராடாதீர்கள். உடம்பைச் சுற்றி இருப்பதை மாற்றுங்கள்: படுக்கை, உடுப்பு, தேத்தண்ணி குடிக்கும் நேரம், இறக்கத்தில் கால் வைக்கும் விதம், வீட்டாரோடு பேசும் பேச்சு. கொழுந்து எடுக்கிறவர்கள், பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கடையில் நிற்கிறவர்கள், எல்லோருக்கும் இது பொருந்தும். மலைக்கு, அதாவது கொழுந்து எடுக்கும் சரிவுக்கு, போகிறவர்களுக்குக் கஷ்டம் கூட என்பதால் அவர்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே எழுதியிருக்கிறேன்.

முதல் வேலை: உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்வது

கர்ப்பப்பையின் இரண்டு பக்கமும் இருக்கும் சூலகங்கள், வயதுக்கு வந்த நாளிலிருந்து ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோனைச் சுரந்து வந்திருக்கின்றன. நாற்பதுகளில் அந்தச் சுரப்பு ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் குறையும். கடைசியில் ஓய்ந்துவிடும். உடம்புச் சூட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி, எலும்பு, மூட்டு, தோல், சிறுநீர்ப்பை, தூக்கம், மனது என்று பலதுக்கும் அந்த ஹோர்மோன் தேவைப்பட்டிருக்கிறது. அதனால்தான் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரித் தெரியும் பத்துக் கோளாறு ஒரே வருடத்தில் வந்து சேருகிறது. யாரும் செய்வினை வைக்கவில்லை. நீங்கள் சோம்பேறி ஆகிவிடவும் இல்லை.

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. பெரும்பாலான பெண்களுக்கு அது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நடக்கும். அதற்கு முந்திய தடுமாற்றக் காலம் சிலருக்குச் சில மாதம், பலருக்குப் பல வருடம். 40 வயதுக்கு முன்பே நின்றுவிட்டால் அதை வயதின் மேல் போட்டுவிட்டு இருக்கக் கூடாது, டொக்டரைப் பார்க்க வேண்டும்.

தோட்டங்களில் அடிக்கடி கேட்கும் இரண்டு சந்தேகங்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். பிள்ளை போதும் என்று செய்த குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷனால் ஹோர்மோன் நிற்பதில்லை. அதில் கருக்குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள், சூலகம் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கர்ப்பப்பையை மட்டும் எடுத்து, சூலகத்தை விட்டுவைத்தவர்களுக்கு மாதவிடாய் உடனே நின்றுவிடும். ஆனால் இந்தச் சூடும் வியர்வையும் அவர்களுக்குப் பின்னால்தான் வரும்.

இன்னொன்று: தேதி தள்ளிப்போகிறதே என்று கவனயீனமாக இருக்க வேண்டாம். இந்தக் காலத்திலும் கரு தங்கும். கடைசி மாதவிடாய்க்குப் பிறகு, 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒரு வருடமும் அதற்குக் குறைந்தவர்கள் இரண்டு வருடமும் கருத்தடையைத் தொடர வேண்டும்.

கடைக் கேலண்டரில் ஒரு புள்ளி

சித்திரை வருடப்பிறப்புக்கோ புது வருடத்துக்கோ கடைக்காரர் தந்த கேலண்டர் எந்த வீட்டிலும் ஒன்று தொங்கும். மாதவிடாய் தொடங்கும் நாளில் ஒரு புள்ளி, முடியும் நாளில் ஒரு புள்ளி வையுங்கள். அதிகமாகப் போன நாளுக்கு ஒரு வட்டம். வியர்த்து எழும்பிய ராத்திரிக்கு ஒரு கோடு. மூன்று மாதம் இப்படிச் செய்தால் போதும், டொக்டர் கேட்கும் பாதிக் கேள்விக்குப் பதில் சுவரிலேயே இருக்கும். பொம்பிளைப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் அவர்களுக்கும் அதே கேலண்டரில் இடம் கொடுங்கள்.

ராத்திரிச் சூடு, அப்புறம் வரும் குளிர்

திடீரென்று நெஞ்சிலிருந்து சூடு கிளம்பி முகம் வரை ஏறும். நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், சில நிமிடத்தில் அடங்கிவிடும். கொழும்பிலோ மட்டக்களப்பிலோ இருக்கிற பெண்ணுக்கு அதோடு முடிந்தது. நமக்கு அப்படி இல்லை. வியர்வையில் நனைந்த உள்ளுடுப்பு மலைக்குளிரில் ஜில்லிட்டுப்போகும், உடம்பு நடுங்கும், பிறகு விடியும்வரை தூக்கம் வராது. அதனால் சூட்டை நிறுத்தப் பார்ப்பதைவிட ஈரத்தைச் சமாளிக்கும் வழியை முதலில் பார்ப்பதுதான் நல்லது.

படுக்கும்போது தடித்த நைலோன் ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். உடம்போடு ஒட்டி ஒரு மெல்லிய பருத்திச் சட்டை, அதன் மேல் முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டர். சூடு ஏறும்போது தலைவழியாக இழுத்துக் கழற்றும் உடுப்பு பெரிய தொந்தரவு, பொத்தான் என்றால் இருட்டில் கண்ணை மூடிக்கொண்டே திறந்துவிடலாம். கம்பளிக்கும் உங்களுக்கும் இடையில் பழைய பருத்திச் சேலை ஒன்றை இரண்டாக மடித்து விரியுங்கள், வியர்வையை அது குடித்துக்கொள்ளும். காய்ந்த சட்டை ஒன்றையும் துவாயையும் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுங்கள். நனைந்ததை அப்போதே மாற்றிவிட்டால் அந்த நடுக்கம் வராது.

கணவனும் மனைவியும் ஒரே கம்பளியைப் போர்த்துகிற வீடுகளில் இதற்காகவே சண்டை வரும். ஒருவர் உதறித் தள்ளுவார், மற்றவர் இழுத்துப் போர்த்துவார். ஆளுக்கொரு போர்வை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காம்பராவில் (அறையில்) ஐந்தாறு பேர் படுக்கும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) தனிப் படுக்கை கேட்க முடியாது என்பது எனக்குத் தெரியும். கதவுப் பக்கத்து இடத்தையாவது கேட்டு வாங்குங்கள். அடுப்படியை ஒட்டிப் படுக்காதீர்கள், விறகுச் சூடு ராத்திரி வெகுநேரம் தங்கும். படுக்கப்போகும் நேரத்தில் குடிக்கும் கொதிக்கிற தேத்தண்ணியும், இரவுக் கறியில் கூடிய கொச்சிக்காயும், மதுவும் பலருக்கு இந்தச் சூட்டைத் தூண்டிவிடும். ஒரு வாரம் ஒன்றை நிறுத்திப் பாருங்கள், அடுத்த வாரம் இன்னொன்றை. எது உங்களுக்குச் சேரவில்லை என்று தெரிந்ததும் அதை மட்டும் விட்டால் போதும்.

பகலில் கொழுந்து எடுக்கும்போது சூடு வந்தால் இடுப்பில் கட்டிய படங்கைத் தளர்த்திவிட்டு, நின்ற இடத்திலேயே மூச்சை மெதுவாக இழுத்து இன்னும் மெதுவாக விடுங்கள். சூடு உடனே போகாது, படபடப்பு அடங்கும். செங்குத்தான மலை என்றால் தலை சுற்றும்போது ஒரு அடியும் எடுத்து வைக்காதீர்கள், உட்கார்ந்துவிடுங்கள்.

அடக்கி வைக்கும் பழக்கம்

இதைப் பற்றிப் பேச எல்லோருக்கும் கூச்சம். ஆனால் மலைக்குப் போகிற பெண்களை இந்த வயதில் அதிகம் வாட்டுவது இதுதான் என்பது என் எண்ணம். இருமினால், சிரித்தால், கூடையோடு படி இறங்கினால் சிறுநீர் கொஞ்சம் கசிகிறது. அல்லது எரிகிறது. அல்லது அடிக்கடி முட்டுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அந்தப் பகுதியின் தோல் மெலிந்து வறண்டுபோகும், பிள்ளை பெற்றபோது தளர்ந்த இடுப்படித் தசையும் இன்னும் தளரும். அதோடு நம் தோட்டங்களின் நிலைமையும் சேர்கிறது. பெரும்பாலான மலைகளில் கழிப்பறை கிடையாது. காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும்போதே தண்ணீர் குடிக்காமல் போகிறார்கள், மத்தியானம் லயத்துக்கு வரும்வரை அடக்குகிறார்கள். வருடக்கணக்காக இப்படி அடக்கிய உடம்பு இந்த வயதில் அதைக் காட்டத்தானே செய்யும்?

தண்ணீர் குடிப்பதை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் சிறுநீர் மஞ்சளித்து எரிச்சல் கூடும், மலச்சிக்கலும் வரும். ஒரு போத்தலை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மிடறாகக் குடியுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, இருவர் மூவராகச் சேர்ந்து, முட்டும் வரை காத்திராமல் போய்வாருங்கள். மலைக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை வேண்டும் என்று தோட்டத் தலைவரிடமும் மாதர் சங்கத்திலும் கேளுங்கள். சம்பளத்தைப் போல இதுவும் பேச வேண்டிய விஷயம்தான்.

இனி பயிற்சி. ஒண்ணுக்கு வரும்போது அடக்க எந்தத் தசையை இறுக்குகிறீர்களோ அதை இறுக்குங்கள். வயிறும் தொடையும் பின்பக்கமும் இறுகக் கூடாது, மூச்சையும் பிடிக்கக் கூடாது. ஐந்து எண்ணும்வரை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை விடுங்கள். பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதோ பஸ்ஸுக்கு நிற்கும்போதோ செய்யலாம், யாருக்கும் தெரியாது. பழகப் பழக பத்து எண்ணும்வரை நீட்டுங்கள். பலன் தெரிய ஏறக்குறைய மூன்று மாதம் எடுக்கும், அதற்குள் விட்டுவிடாதீர்கள். இருமல் வரப்போகிறது என்று தெரிந்தால் முதலில் அந்தத் தசையை இறுக்கிவிட்டு இருமுங்கள்.

சிறுநீரோடு காய்ச்சல் வந்தால், இரத்தம் தெரிந்தால், அல்லது ஏதோ கீழே இறங்கி வருகிற மாதிரிக் கனத்தால் பயிற்சி மட்டும் போதாது. அப்படிக் கனத்தால் கர்ப்பப்பை இறங்கியிருக்கலாம், அதற்கு வைத்தியம் இருக்கிறது. வறட்சிக்கும் பூசும் மருந்து இருக்கிறது. உள்ளே சவர்க்காரம் போட்டுக் கழுவுவதை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள், வறட்சி அதனால் கூடுகிறது.

தட்டும் கோப்பையும்

மாதவிடாய் அதிகமாகப் போகிற பெண்ணுக்கு இரத்தச்சோகை வரும். மேடு ஏறும்போது மூச்சு வாங்குவது, கண் உள்ளிமை வெளுப்பது, எப்போதும் களைப்பு, இதையெல்லாம் "வயசாயிருச்சு" என்று விட்டுவிடுகிறோம். சோற்றிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுப்பதில் தேத்தண்ணிக்குப் பெரிய பங்கு உண்டு. தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, அதை நம்மிடம் யாரும் சொல்ல முடியாது. சாப்பாட்டோடு குடிக்காதீர்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழிந்தால் அந்தச் சத்து நன்றாகச் சேரும்.

காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் மட்டும் என்றால் வயிறு நிறையும், தசைக்கு ஒன்றும் கிடைக்காது. நாற்பதுக்கு மேல் தசை கரைந்துகொண்டே வரும். அதைத் தாங்கிப் பிடிக்கப் புரதம் வேண்டும். ஒரு முட்டை, அவித்த பயறு, கடலை, பருப்பு, இதில் ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். வீட்டில் முட்டை இரண்டுதான் என்றால் ஒன்று உங்களுக்கு. பிள்ளைக்கும் கணவருக்கும் வைத்துவிட்டு வழித்துச் சாப்பிடுகிற வழக்கத்தை இந்த வயதிலாவது விடுங்கள், தயவுசெய்து.

மாதவிடாய் நிற்கும் வருடங்களில் எலும்பு வேகமாகத் தேயும். முள்ளோடு சாப்பிடும் நெத்தலிக் கருவாட்டில் கல்சியம் நிறைய உண்டு. உப்புப் போக வெந்நீரில் ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள், பிரஷர் உள்ளவர்களுக்கு இது முக்கியம். ரொட்டி மாவில் மூன்றில் ஒரு பங்கு குரக்கன் மா கலக்கலாம். பாலோ தயிரோ கிடைத்தால் நல்லது.

சீனிக்கு ஒரு கணக்கு. ஒரு தேக்கரண்டி என்பது சுமார் 4 கிராம். ஒரு கோப்பைக்கு இரண்டு வீதம் ஆறு கோப்பை குடித்தால் 48 கிராம், தேத்தண்ணியில் மட்டும். 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார அமைப்பு. வாரத்துக்குக் கால் கரண்டி வீதம் குறைத்து வாருங்கள், நாக்கு அதற்குப் பழகிவிடும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் அதைத்தான் முதலில் விட வேண்டும். வாய்ப் புற்றுநோய்க்கு அது நேர்வழி.

முழங்காலும் இறக்கமும்

ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்காலில் பாரம் கூட விழுகிறது. நேராக இறங்காமல் பக்கவாட்டில் வளைந்து வளைந்து இறங்குங்கள். சாக்கு நிறையும்வரை காத்திராமல், முடிந்தால் இரண்டு தடவையாக மடுவத்துக்கு (கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு) கொண்டுபோங்கள். கம்பு ஊன்றுவதில் வெட்கம் எதற்கு? வீட்டில் பெஞ்சில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழும்பி உட்காருவதைப் பத்துத் தடவை செய்தால் தொடைத் தசை முழங்காலைத் தாங்கும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பழகினால் விழுவது குறையும். மூட்டு வீங்கிச் சிவந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

கண்ணாடி, ஜாக்கெட், ஊர்ப் பேச்சு

இடுப்பிலும் தொடையிலும் இருந்த சதை இப்போது வயிற்றுக்கு வந்து சேரும். சாப்பாட்டைக் கூட்டாமலே சேரும். நல்ல டேப் ஒன்றை எடுத்து, மூச்சை விட்ட நிலையில் தொப்புள் மட்டத்துக்குச் சற்று மேலே அளந்து பாருங்கள். நம் பகுதிப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை என்று வைத்திருக்கிறார்கள், கிட்டத்தட்ட 31½ அங்குலம். அதைத் தாண்டினால் சீனியும் பிரஷரும் சோதிக்க வேண்டும். அழகுக்கும் அந்த அளவுக்கும் சம்பந்தமில்லை.

பழைய ஜாக்கெட்டை "இளைத்தால் போடலாம்" என்று பெட்டியில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு தடவை பெட்டியைத் திறக்கும்போதும் மனது நோகும். அதை மகளுக்கோ மருமகளுக்கோ கொடுத்துவிடுங்கள். தையல்காரரிடம் பழைய அளவு ஜாக்கெட்டைக் கொடுக்காமல் புதிதாக அளவெடுத்துத் தையுங்கள். இரண்டு பக்கமும் உள்ளே ஒரு அங்குலம் துணி விடச் சொன்னால் பிறகு பிரித்துக்கொள்ளலாம். அக்குளில் இறுக்கம் இல்லாத ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கோயில் திருவிழாவுக்குப் போகும்போது மனதும் லேசாக இருக்கும், இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் "என்ன இப்படி ஊதிட்ட?" என்றோ "இளைச்சுக் கருத்துட்டியே, சீனியா?" என்றோ யாராவது கேட்பார்கள். பதிலை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். "வயசு மாறுது அக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க?" அவ்வளவு போதும். விளக்கம் சொல்லத் தொடங்கினால் பேச்சு நீளும். நீங்களும் அடுத்தவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

வீட்டில் வாய் திறப்பது

ஒரு பிள்ளை வயதுக்கு வந்தால் நாம் என்னவெல்லாம் செய்கிறோம்! உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை, மலைவேலை வீட்டுவேலை எதுவும் இல்லாமல் ஓய்வு, சொந்தமெல்லாம் வந்து நீராட்டுவது. அதே உடம்பு இரண்டாவது தடவை மாறும்போது யாருக்கும் தெரியாது, தெரியப்படுத்துவதும் இல்லை. பந்தல் போட வேண்டாம். வீட்டில் இருக்கிறவர்களுக்காவது தெரியட்டும்.

நல்ல நேரம் பார்த்து நேராகவே சொல்லுங்கள்: "பாருங்க, எனக்கு உடம்பு மாறுற வயசு. ராத்திரியில சூடு வந்து தூக்கம் போயிடுது, அதனாலதான் சிடுசிடுன்னு இருக்கேன். உங்க மேல கோபம் இல்ல. விடியக்காலையில தண்ணி மட்டும் நீங்க பிடிச்சுத் தந்தா எனக்குப் பெரிய உதவி." என்ன உதவி என்று ஒன்றைக் குறிப்பாகக் கேட்டால்தான் கிடைக்கும். உறவின்போது வலித்தால் அதையும் சொல்லுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். தண்ணீர் அடிப்படையில் செய்த வழுக்கும் ஜெல் பாமசியில் கிடைக்கும்.

பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய் வீடு வெறிச்சோடுவதும் பலருக்கு இதே வருடங்களில்தான். அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை, இருந்து என்ன பயன் என்ற நினைப்பு இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அது ஹோர்மோன் மட்டும் இல்லை. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் கதைக்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் பார்க்க வேண்டாம், அன்றே பக்கத்தில் ஒருவரிடம் சொல்லிக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

கிளினிக்குக்குப் போகும் நாள்

1996 முதல் இலங்கையில் வெல் வுமன் கிளினிக்குகள் நடக்கின்றன. சிங்களத்தில் சுவநாரி என்பார்கள். உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் கீழ் நடப்பவை, காசு இல்லை. எந்த இடத்தில், எந்த நாளில் என்பதைக் குடும்பநல மாதுவிடமோ (மிட்வைஃப்) தோட்ட டிஸ்பென்சரியிலோ கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும்தான் மிட்வைஃப் என்று நினைத்து நாற்பதுக்கு மேல் அவரிடம் பேசுவதையே விட்டுவிடுகிறோம், அது தவறு. பிரஷர், சீனி, நிறை, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் அங்கே பார்ப்பார்கள். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனை 35 வயதிலும் 45 வயதிலும். வலி அதிகம் இருக்காது, சில நிமிட வேலை. மாதவிடாய் உள்ள நாளைத் தவிர்த்துவிட்டுப் போங்கள்.

கேலண்டரையும் குடிக்கிற மாத்திரைகளையும் கொண்டுபோங்கள். பேச வராது என்றால் கேள்விகளைத் துண்டில் எழுதி நீட்டுங்கள். தைரொயிட் கோளாறும் இதே மாதிரிக் களைப்பையும் வியர்வையையும் தரும் என்பதால் அதையும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். சூடு தாங்க முடியாமல் வேலையும் தூக்கமும் கெட்டால் ஹோர்மோன் சிகிச்சை நன்றாக வேலை செய்யும். 60 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு, அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் உள்ளவர்களுக்குத்தான் பொதுவாக அதைத் தொடங்குவார்கள். மார்புப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் இரத்தம் உறைந்த வருத்தம் இருந்தவர்களுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. அதனால் அடுத்த வீட்டுக்காரி குடிக்கிறாள் என்று பாமசியில் வாங்கிக் குடிக்க வேண்டாம்.

சில விஷயங்களுக்குக் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாது. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அந்த வாரமே வைத்தியசாலைக்குப் போங்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்தால், ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், இடையிலோ உறவுக்குப் பிறகோ இரத்தம் பட்டால், மார்பில் கட்டி தட்டுப்பட்டால் அப்படியே. நெஞ்சு வலியோ, நெஞ்சு அமுங்கி மூச்சுத் திணறலோ வந்தால் இதுவும் அந்தச் சூடுதான் என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இருதய நோய் கூடுகிறது. 1990க்கு அழைத்தால் இலவச அம்பியுலன்ஸ் வரும். பாதை மோசமான தோட்டம் என்றால் எந்தச் சந்தியில் நிற்பீர்கள் என்பதை அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் பக்கத்துக் காம்பரா அக்காவையோ தங்கச்சியையோ கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கும் 35 அல்லது 45 ஆகியிருந்தால் அன்றைக்கே அவரும் சோதித்துக்கொண்டு வரலாம்.